செடி விளக்கு: மழை மாசத்துக்கு ஐந்துக்கு நாலு, மார்ச்சுக்கு ஒண்ணரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நல்ல விளக்குதான். பெட்டி மேல் அச்சடித்திருக்கும் நாலு வரியில் மூன்று வரி புருடா, அது வேறு விஷயம். போன மார்ச்சில் 2,350 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த நீளத்தில் வெள்ளை எல்.ஈ.டி பட்டை, கூட ஒரு டைமர், தொங்கவிட இரண்டு கொக்கி, அலமாரி விளிம்பில் மாட்ட ஒரு கிளிப். இப்போது பிப்ரவரி. வெயில், மழை, குளிர் எல்லாவற்றிலும் எரித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி விளக்குக்கு வருகிற ரிவ்யூ முக்கால்வாசி "பேக்கிங் சூப்பர், டெலிவரி சீக்கிரம்" என்று ரெண்டாம் நாளே எழுதினதாக இருக்கிறது. ரெண்டு நாளில் செடிக்கு என்ன தெரியும்?

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, நான் ஸ்டூல் போட்டு ஏறி இதை மாட்டுவதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, செடிக்கு என்னத்துக்கு லைட்டு? அது என்ன பரீட்சைக்கா படிக்கு?" என்றாள். அம்பாசமுத்திரத்துக்காரிக்கு அப்படித்தான் தோன்றும். அவள் வீட்டுக் கொல்லையில் எதை நட்டாலும் வரும். பெங்களூரு முருகேஷ்பாளையாவில் இரண்டாவது மாடியில், வடக்கு பார்த்த பால்கனியில், எதிரே பன்னிரண்டு அடியில் இன்னொரு கட்டடத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு குடியிருக்கிற எனக்கு அப்படி இல்லை.

அந்தப் பால்கனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், விளக்கு ஏன் தேவைப்பட்டது என்பது அதில்தான் இருக்கிறது. பெங்களூரு சுமார் 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் ஒரு தடவை, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒரு தடவை, நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நம் நிழல் காலடியிலேயே மறைந்துபோகும். இந்த இரண்டு நாளுக்கு நடுவில்தான் மதியச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும், மற்ற மாசமெல்லாம் தெற்கே. ஆக என் பால்கனிக்கு நல்ல வெயில் கிடைக்க வேண்டிய காலம் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை. மே மாசம் பரவாயில்லை. ஜூன் பிறந்ததும் என்ன ஆகும் என்று இந்த ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மழை பெரிதாகப் பெய்யாவிட்டாலும் நாள் முழுக்க வானம் கம்பளி போர்த்திக்கொண்டு கிடக்கும். கொட்டுகிற மழை செப்டம்பர், அக்டோபரில்தான். வானம் தெளிந்து வெயில் அடிக்கிற டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே போய்விடும். அதாவது சூரியன் என் பக்கம் வரும்போது மேகம், மேகம் போனால் சூரியன் அந்தப் பக்கம்.

செடிகள் வாங்கியது லால்பாக் பக்கத்து நர்சரி ஒன்றில். மான்ஸ்டெரா, கலாத்தியா, ஒரு பீஸ் லில்லி, இதய வடிவ இலை உள்ள பிலோடென்ட்ரான். "அண்ணா, இதுக்கு வெயில் வேணுமா?" என்று கேட்டேன். "வெயிலே வேணாம்மா, ஹாலுக்குள்ளயே வளரும்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை, நான் புரிந்துகொண்டதுதான் தப்பு. வெயில் வேண்டாம் என்றால் வெளிச்சம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. இவை எல்லாமே அமெரிக்க வெப்பமண்டலக் காட்டின் அடியில் வளர்கிற சாதி. அந்தக் காட்டுத் தரைக்கு, மர உச்சியில் விழுகிற ஒளியில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் வந்து சேரும். அதைக் கேட்டதும் "பார், எவ்வளவு குறைவு" என்று நாம் நினைக்கிறோம். ஆனால் உச்சி வெயில் என்பது சதுர மீட்டருக்கு விநாடிக்குச் சுமார் 2000 மைக்ரோமோல் ஒளி, செடிக்குப் பயன்படுகிற ஒளியை அப்படித்தான் எண்ணுகிறார்கள். அதில் ஒன்றிரண்டு சதவீதம் என்றால் 20 முதல் 40. என் ஹாலில், ஜன்னலிலிருந்து ஆறேழு அடி தள்ளி மத்தியானம் போனில் வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் ஆப் வைத்துப் பார்த்தேன், 150 லக்ஸ். கணக்குப் போட்டால் 3 மைக்ரோமோல்கூட வரவில்லை. காட்டின் அடித்தளத்தைவிட என் ஹால் பத்து மடங்கு இருட்டு! நிழல் செடிகளுக்கே சில மைக்ரோமோல் ஒளி இருந்தால்தான் ஒளிச்சேர்க்கையில் வருகிற வரவும் சுவாசத்தில் போகிற செலவும் சரிக்குச் சரியாகும், அதற்கும் கீழே போனால் சேமிப்பைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும். ஹாலில் வைத்த செடி ஆறு மாசம் "நன்றாகத்தான்" இருந்து திடீரென்று போய்ச் சேருவது இதனால்தான்.

காட்டில் இன்னொரு சலுகையும் உண்டு. இலைகளின் இடுக்கு வழியே தரையில் வெயில் பொட்டு விழும், காற்று அசைந்தால் நகரும், சில விநாடியோ சில நிமிஷமோ நிற்கும். அடித்தளச் செடிகளின் ஒருநாள் வருமானத்தில் பெரும் பங்கு பல இடங்களில் இந்தச் சில்லறைதான். ஆனால் வெயில் பொட்டு விழுந்த உடனே இலை முழு வேகத்தில் இறங்கிவிடாது. இலைத்துளைகள் திறக்க வேண்டும், கரியமில வாயுவைப் பிடிக்கிற நொதி விழித்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பல நிமிஷம் ஆகும். முதல் பொட்டில் விழித்த இலை அடுத்த பொட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். விளக்கில் இந்தத் தொல்லை கிடையாது, காலையில் போட்டால் சாயங்காலம் வரை ஒரே சீராக எரிகிறது. குறைந்த ஒளிதான், ஆனால் நிலையான சம்பளம்.

சரி, பெட்டிக்கு வருவோம். "1000 வாட்டுக்குச் சமம்" என்று எழுதியிருக்கிறது. பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 36 வாட் இழுக்கிறது. எந்த 1000 வாட், எதற்குச் சமம் என்று யாருக்கும் தெரியாது. "முழுச் சூரிய ஒளிக்கு மாற்று" என்று அடுத்த வரி. பட்டைக்கு நேர் கீழே ஒரு அடியில் 9,000 லக்ஸ் காட்டுகிறது, வெள்ளை எல்.ஈ.டிக்கு அதைச் சுமாராக 70-ஆல் வகுத்தால் 130 மைக்ரோமோல் வரும், உச்சி வெயிலில் பதினைந்தில் ஒரு பங்கு. இரண்டு அடிக்கு உயர்த்தினால் 50-க்கு வந்துவிடுகிறது. போன் அளவு துல்லியமாக இருக்காது, ஆனாலும் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளப் போதும். மூன்றாவது வரி "எந்தச் செடியும் இருமடங்கு வேகத்தில் வளரும்". அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். "வெள்ளை ஒளி, கண்ணுக்கு இதம்" என்ற நாலாவது வரி மட்டும் சத்தியம்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், இதற்கு முன்னால் 600 ரூபாய்க்கு ஒரு ஊதா நிற கிளிப் விளக்கு வாங்கி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் எதிர் பில்டிங் ஆன்ட்டி லிஃப்ட் பக்கத்தில் நிறுத்தி, வீட்டிலேயே பார்லர் ஆரம்பித்திருக்கிறீர்களா என்று விசாரித்தார். சிவப்பும் நீலமும்தான் பச்சையத்துக்குப் பிடித்தது, மற்றதெல்லாம் வீண் என்று அந்த விளக்குக்காரர்கள் சொல்வது பாதி உண்மை. இலை பச்சையாகத் தெரிவது பச்சை ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புவதால்தான், ஆனால் பெரும்பகுதியை அது உள்ளே வாங்கிக்கொள்கிறது. சிவப்பும் நீலமும் இலையின் மேல்தட்டிலேயே தீர்ந்துவிட, பச்சை ஒளி அடித்தட்டுச் செல் வரைக்கும் போய் வேலை செய்கிறது. வெள்ளை விளக்கு போதும். மஞ்சளான இலை எது, பூச்சி எது என்று நம் கண்ணுக்கும் தெரியும்.

இனி பருவக் கதை. மார்ச்சில் வந்ததும் ஆசையில் பட்டையை அரை அடி உயரத்தில் தொங்கவிட்டு, டைமரை 16 மணி நேரத்துக்குத் திருகிவிட்டேன். பத்தாவது நாள் கலாத்தியா இலையெல்லாம் பீடி மாதிரி சுருண்டது, ஓரம் கருகியது. மண்ணில் ஈரம் இருக்கிறது, தண்ணீர் ஊற்றினால் குடிக்கவில்லை, ஊற்றாவிட்டால் தொங்குகிறது. ஈரப்பத மீட்டர் ஒன்று கிடந்தது, மத்தியானம் 24 சதவீதம் என்றது. அப்போதுதான் புரிந்தது. காற்று அவ்வளவு காய்ந்திருந்தால் இலை தண்ணீரைக் காப்பாற்றத் துளைகளை மூடிக்கொள்கிறது. துளை மூடினால் கரியமில வாயு உள்ளே வர வழியில்லை. மேலே விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. கல் காய்ந்து புகைகிறது, மாவு வரவில்லை, அதுதான் நிலைமை. கல்லுக்கு அடியில் தீயைக் கூட்டினால் தோசை வருமா? செலவழிக்க முடியாத ஒளியை இலை சூடாக மாற்றிக் கழித்துவிடப் பார்க்கும், அதையும் மீறினால் ஒளியைப் பிடிக்கிற இயந்திரமே பழுதாகும். நிழலுக்கென்று மெல்லிசாக வளர்ந்த இலைக்கு அந்தத் தாங்கும் சக்தி குறைவு. தப்பு விளக்கின் மேல் இல்லை, என் மேல்தான், ஆனால் கூடக் கொடுத்த காகிதத்தில் "கோடையில் அதிக நேரம் எரியவிடவும்" என்று போட்டிருந்தது, அதை எழுதியவர் எந்தச் செடியையும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

16 மணி நேரமும் அசட்டுத்தனம்தான். இந்தச் செடிகளின் பிறந்த ஊரெல்லாம் பூமத்திய ரேகைக்கு இரு பக்கமும், அங்கே பகல் என்றால் வருஷம் முழுக்கக் கிட்டத்தட்ட 12 மணி நேரம். அதனால் ஏப்ரலில் விளக்கை இரண்டு அடிக்கு ஏற்றி எட்டு மணி நேரமாக்கினேன், தொட்டிகளை நெருக்கமாக ஒரு தண்ணீர்த் தட்டைச் சுற்றி வைத்தேன். மே மாச மழை நாலு பெய்ததும் கலாத்தியா தெளிந்தது. இலைமேல் ஸ்பிரே அடிப்பதைப் பற்றிக் கேட்பீர்கள், ஐந்து நிமிஷ சந்தோஷம் அது, விட்டுவிட்டேன்.

விளக்கு தன் காசை மீட்டுக் கொடுத்தது ஜூன், ஜூலை, ஆகஸ்டில். பால்கனியிலேயே மத்தியானம் 2,500 லக்ஸ் தாண்டாத நாட்கள். காற்றில் ஈரம் தாராளம், இலைத்துளை எல்லாம் ஆவென்று திறந்திருக்கிறது, மண் நனைந்திருக்கிறது, இல்லாதது ஒளி ஒன்றுதான். ஒரே பிலோடென்ட்ரான் கொடியில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை விளக்குக்குக் கீழே ஒன்றரை அடியில் பத்து மணி நேரம், இன்னொன்றைப் பால்கனி ஓரத்தில் வைத்தேன். ஆகஸ்ட் கடைசியில் முதலாவது நாலு இலை விட்டிருந்தது, இரண்டாவது ஒன்று, அதுவும் சுண்டைக்காய் சைஸில். மான்ஸ்டெரா அதுவரை ஓட்டையில்லாத இலையாக விட்டுக்கொண்டிருந்தது, ஜூலை நடுவில் முதல் கிழிசல் இலை வந்தது, அந்தச் செடி நன்றாக வளர்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அன்றைக்கு போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன், சித்தி "இலை ஏன் பூச்சி அரிச்சிருக்கு" என்று கேட்டாள்.

இன்னொரு லாபம், எதிர்பார்க்காதது. முந்தின வருஷம் மழை மாசத்தில் பீஸ் லில்லிக்கு வேர் அழுகிப்போனது. ஒளி இல்லாவிட்டால் செடி வேலை செய்யாது, வேலை செய்யாத செடி தண்ணீர் இழுக்காது, மண் வாரக்கணக்கில் சதசதவென்று கிடக்கும். விளக்குக்குக் கீழே வைத்தபின் நாலைந்து நாளில் மேல்மண் காய்ந்துவிடுகிறது, மண்ணைச் சுற்றிப் பறக்கிற குட்டிக் கொசுவும் குறைந்தது.

இந்த மழைக்கால விஷயம் என் கற்பனை இல்லை. பனாமாவில் ஆராய்ச்சியாளர்கள் 1999, 2000-ல் இதையே ஒரு காட்டு மரத்துக்குச் செய்து பார்த்திருக்கிறார்கள், 2003-ல் வெளியிட்டார்கள். லூஹியா சீமானி என்கிற உயரமான மரம், அதன் உச்சிக்கு மேலே பெரிய விளக்குகளைக் கட்டி, மேகம் மூடிய நேரங்களில் எரியவிட்டார்கள். மேகம் பறித்துக்கொண்ட ஒளியில் ஒரு பகுதியைத்தான் அந்த விளக்குகளால் ஈடுகட்ட முடிந்தது. அப்படியும் ஒளிச்சேர்க்கை கூடியது, வளர்ச்சி கூடியது, பூத்துக் காய்ப்பதும் கூடியது. மழைக்காலத்தில் அந்த மரத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது தண்ணீரோ வெப்பமோ இலையிலுள்ள நைட்ரஜனோ இல்லை, ஒளிதான் என்று முடித்தார்கள். கொட்டுகிற மழையில் காடு செழிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது தூக்கிவாரிப்போட்டது. அம்மாவுக்கும் போனில் சொன்னேன், "காட்டு மரத்துக்கே லைட்டு போட்டிருக்கான்" என்று. "அவன் கரண்டு பில்லு யாரு கட்டுனா?" என்றாள்.

அமேசானிலும் இதே கதைதான், ஆழமாக வேரோடிய பசுமைமாறா மரங்கள் பல, மழை குறைந்து வானம் தெளிகிற மாசங்களில் பழைய இலையைக் கழித்துவிட்டுப் புது இலை விடுகின்றன. புதிதாக முற்றிய இலைக்குப் பழைய இலையைவிடத் திறன் அதிகம், அதனால் வறண்ட மாசத்தில் காட்டின் மொத்த ஒளிச்சேர்க்கை ஏறவும் செய்யும். ஆனால் எல்லாக் காடும் அப்படி இல்லை. 2015-ல் வந்த ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை வைத்து, வருஷத்துக்குச் சுமார் 2000 மில்லிமீட்டரை எல்லையாகப் போட்டது. அதற்கு மேல் மழை பெறும் வெப்பமண்டலக் காடுகளில் மண்ணில் சேர்ந்த நீர் வறண்ட மாசத்தையும் தாங்கிக் கடத்திவிடுகிறது, அதற்குக் கீழே என்றால் ஒளி இருந்தும் தண்ணீர் இல்லாமல் படுத்துவிடுகிறது. ஊட்டிக்குக் காரில் போகிறவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் பந்திப்பூர், முதுமலை வழியாகப் போனால் தேக்கெல்லாம் இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும், மேற்கே கூடலூர் நெருங்க நெருங்க மழை கூடக்கூடப் பச்சை திரும்பும். ஒரே வெயில்தான், ஒரு மணி நேரப் பயணம்தான். அம்மா ஊருக்கு மேலே இருக்கிற களக்காடு முண்டந்துறை மலைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு மழையும் கிடைக்கிறது, வறண்ட மாசம் குறைவு, அவள் ஏன் லைட்டைப் பார்த்துச் சிரித்தாள் என்று இப்போது புரிகிறது. பெங்களூருவுக்கு வருஷ மழை 1000 மில்லிமீட்டர்கூட இல்லை. ஆழ வேர் விடத் தொட்டியில் இடமும் இல்லை. ஆகவே என் பால்கனிச் செடிக்கு ஜூலையில் அமேசான், மார்ச்சில் முதுமலை.

குளிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிசம்பர், ஜனவரியில் எட்டு மணி நேரம் போட்டேன், செடி வாடவில்லை, வளரவும் இல்லை, ராத்திரிக் குளிரில் சும்மா இருந்தது. அடுத்த வருஷம் அந்த இரண்டு மாசம் ஆறு மணி நேரம் போதும் என்று நினைக்கிறேன். பத்து மணி நேரம் எரித்தாலும் மாசம் 11 யூனிட்தான், அதிகப்படியாகத் தெரியாது. கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் வரம்பை ஒட்டி ஓடுகிற வீடு என்றால் மட்டும் அந்த 11 யூனிட்டைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது குறை. மூன்றாவது வாரமே டைமர் செத்துப்போனது. கஸ்டமர் கேர் சாட்டில் "அன்பாக்ஸிங் வீடியோ அனுப்பவும்" என்றார்கள். டைமர் செத்தது இருபதாம் நாள், அன்பாக்ஸிங் வீடியோவில் அது எப்படித் தெரியும் என்று கேட்டதற்குத் திரும்பவும் அதே வரியை அனுப்பினார்கள். நாலு ஆளிடம் நாலு தடவை முதலிலிருந்து கதை சொல்லி, பன்னிரண்டு நாள் கழித்துப் புது டைமர் வந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் காலையில் நான்தான் சுவிட்ச் போட்டேன், ஆபீஸிலிருந்து வந்து நான்தான் அணைத்தேன். கிளிப்பும் லொடலொட, மெல்லிய பலகையில் நிற்கவே நிற்காது, கொக்கியில் தொங்கவிடுவதுதான் உத்தமம். பட்டையின் இரண்டு ஓரத்திலும் ஒளி சட்டென்று இறங்கிவிடுகிறது, அதனால் நாலு தொட்டிக்கு மேல் வைக்காதீர்கள், வைத்தால் வாராவாரம் இடம் மாற்றுங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை இலையை ஈரத் துணியால் துடைக்க மறக்காதீர்கள். எங்கள் தெருவில் எந்நேரமும் ஏதாவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கிறது, அந்தத் தூசி இலைமேல் உட்கார்ந்தால் விளக்கு போட்டும் போடாதது மாதிரிதான்.

தெற்கு பார்த்த பால்கனி உள்ளவர்கள் வாங்காதீர்கள், அந்தக் காசுக்கு ஒரு நிழல் வலை வாங்குங்கள். ரோஜா, துளசி, தக்காளிக்கு என்று நினைப்பவர்களும் வேண்டாம், 130 மைக்ரோமோல் அதற்கெல்லாம் பத்தாது. என்னை மாதிரி வடக்கு பால்கனி, நிழல் செடி, ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மேகத்தோடு சண்டை என்றால் தாராளமாக வாங்கலாம், மே கடைசியில் வாங்குங்கள், மார்ச்சில் வேண்டாம். "இருமடங்கு வேகம்" என்றது என் பிலோடென்ட்ரானுக்கு ஜூலையில் நாலு மடங்காகவே பலித்தது, மார்ச்சில் கலாத்தியாவுக்குப் பின்னோக்கிப் போனது.

வாரன்டி மார்ச் 11 வரை இருக்கிறது. அதற்குள் இந்த இரண்டாவது டைமரும் போனால் இதே இடத்தில் வந்து எழுதுகிறேன், இந்தத் தடவை அன்பாக்ஸிங் வீடியோ கைவசம் வைத்திருக்கிறேன்.